மரநாய் குடியிருந்த பத்து மாதம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரநாய் இருந்தது. பூனையை விட நீளம், கீரியை விடப் பருமன், உடம்பு நீளத்துக்கு வால், திருட்டு முழி. பகலெல்லாம் ஓட்டுக்கும் பரண் பலகைக்கும் நடுவில் சுருண்டு தூங்கும். இருட்டியதும் ஊர் சுற்றக் கிளம்பும். விடிவதற்குள் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, தின்றதையெல்லாம் எங்கள் தலைக்கு மேலேயே கழித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதை விரட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டு, கூரை விளிம்பில் இறவாரத்து ஓட்டைப் பிரித்து, அது நுழைகிற சந்தைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டால் ஒரு பொழுதில் முடிகிற வேலை. அந்த ஒரு பொழுது வேலையை எங்கள் வீட்டில் பத்து மாதம் செய்ய முடியவில்லை. காரணம், நான் மாசமாக இருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தி மாசமாக இருக்கிற வீட்டில் கூரையைப் பிரிக்க மாட்டார்கள். ஓடு மாற்ற மாட்டார்கள். சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், புது அடுப்புப் போட மாட்டார்கள். மீறிச் செய்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்பார்கள். அதோடு விட்டார்களா? அவளுடைய புருஷன் எந்த உயிரையும் அடிக்கக் கூடாது. பாம்பே வந்து காலடியில் நின்றாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆக, எங்கள் வீட்டு மரநாய்க்கு மேலே கூரையும் பத்திரம், உடம்பில் உயிரும் பத்திரம். சர்க்கார் உத்தியோகத்தில்கூட இவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது பிறக்கிற சமயம் அது. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்காரர் தக்காளியும் கேழ்வரகும் போடுகிறவர். நாட்டு ஓடு வேய்ந்த வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல் கட்டு, சமையல் கட்டுக்கு மேல் பலகை பாவிய பரண். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டு விரல் நுழைகிற இடைவெளி. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கஷ்டம் முழுக்க அதன் வழியாகத்தான் சொட்டியது. பரணில் என் மாமியார் ஒரு மளிகைக் கடையே வைத்திருந்தார். கொட்டை எடுத்த புளி நாலு பானை, விதை அவரை, காய்ந்த மிளகாய், மாம்பழக் காலத்தில் வைக்கோலுக்குள் பழுக்கப் போட்ட மாங்காய். மாங்காயை மேலே பரப்பி வைத்துவிட்டு மரநாய் வருகிறதே என்றால் வராமல் என்ன செய்யும்? வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காததுதான் பாக்கி.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான், என் வீட்டுக்காரர், என் மாமியார். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். எனக்கும் அம்மா இல்லை. அப்பா பொம்மிடியில் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தார். கோபித்துக்கொண்டு போய் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வரத் தாய் வீடு என்று ஒன்று எனக்குக் கிடையாது. இருந்தால் இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை. அதனால்தான் வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளை எனக்கு வெறும் பிள்ளை இல்லை. அது நல்லபடியாக வந்து சேர்ந்தால்தான் எனக்கு அந்த வீட்டில் காலூன்ற இடம்.

ஏனென்றால் அது முதல் பிள்ளை இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்று வந்து, நாலாம் மாதத்திலேயே போய்விட்டிருந்தது. போனதற்குக் காரணம் என்று எல்லாரும் எதைச் சொன்னார்கள் தெரியுமா? இந்தக் கூரையைத்தான்.

அப்போது நான் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத புதுப்பெண். பொம்மிடியில் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்ற திமிர் வேறு. அப்போதும் பரணில் ஒரு மரநாய். இதே மரநாயா, இதன் அம்மாவா, யாருக்குத் தெரியும்? நான் மாசமாகி வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நேரம். அதன் மூத்திர நாற்றமும் கேழ்வரகுக் களி கிண்டுகிற வாசனையும் சேர்ந்து குடலைப் பிடுங்கியது. மாமியார் தன் மகளைப் பார்க்க ஏரியூர் போய் ஒரு வாரம் தங்கினார். அதுதான் சமயம் என்று நானே நடந்து பக்கத்து ஊருக்குப் போய் ஓடு மாற்றுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் தயங்கினார்.

“ஏம்மா, வூட்ல பெரியவங்க இல்லியே, நீயும் வாயும் வயிறுமா இருக்கறாப்பல இருக்குது.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க. ஓடு வேற, வயிறு வேற. நீங்க ஏணிய வைங்க” என்றேன்.

ஒரே பகலில் பிரித்து வேய்ந்து அடைத்துவிட்டார். மரநாய் சுவரில் இறங்கிப் புளியமரத்துப் பக்கம் ஓடியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சரியாக ஆறாம் நாள் எனக்கு வயிறு வலித்தது. ஏழாம் நாள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

மாமியார் ஏரியூரிலிருந்து வந்தார். வாசலில் நின்று புது ஓட்டைப் பார்த்தார். உள்ளே வந்து பாயில் கிடந்த என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனுஷி அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த மௌனம் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மனதுக்குள் என்னைக் கொலைகாரி என்று முடிவு கட்டிவிட்டார், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வயிறு திறக்கவில்லை. அந்தக் காலத்தில் மூன்று வருடம் என்றால் சொந்தக்காரர்கள் ஜாடை பேச ஆரம்பித்து, ‘பையனுக்கு வேற பாருங்க’ என்று முடிப்பார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டாவது பெண் கட்டிக்கொண்டவர் இருந்தார். முதல் பெண்டாட்டி மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனிச் சமையல். நான் தண்ணீர்க் குடத்தோடு அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். நமக்கும் இதுதான் என்று நடுங்கிக்கொண்டே மூன்று வருடம் ஓட்டினேன். அப்புறம் ஒரு ஐப்பசியில் மறுபடியும் தலை சுற்றியது.

மாசம் என்று தெரிந்த மறு நாளே மாமியார் வீட்டிலிருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு பேச்சுக் கிடையாது. ஏணி போன அதே வாரத்தில், வேண்டுமென்றே செய்த மாதிரி, மரநாய் திரும்பி வந்தது.

முதலில் ஓட்டின்மேல் தடதடவென்று ஓட்டம். பிறகு பரணில் பானை உருள்கிற சத்தம். காலையில் அடுப்படியில் ஈச்சங்கொட்டை கலந்த கழிசல். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மோட்டு வளையைப் பார்த்தார்.

“வந்துடுச்சு போல இருக்குது” என்றார்.

“போல என்ன போல? வந்துதான் இருக்குது. ஏதாச்சும் பண்ணுங்க.”

“நான் என்னத்தப் பண்றது? அம்மாவக் கேளு.”

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஒரு சண்டையில் எந்தப் பக்கமும் சேர மாட்டார். இரண்டு பேரும் கத்தினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். தக்காளிச் செடிக்கு அந்த வருடம் நடந்த மாதிரி பராமரிப்பு அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

மாமியாரிடம் போனேன். “அத்தை, ஒரே ஒரு ஓட்ட மட்டும் நகத்தி அடைச்சுட்டாப் போதும்.”

“ஒரு ஓடுன்னாலும் ஓடுதான்.”

“அது பேஞ்சு பேஞ்சு சோத்துல விழுதுங்க.”

“விழுந்தா எடுத்துப் போட்டுட்டு வேற சோறு ஆக்கு. கூரையில மட்டும் கைய வெக்காத. சொல்லிட்டேன்.”

‘சொல்லிட்டேன்’ என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சரி, கூரையைத் தொடாமல் என்ன செய்யலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அந்தப் பத்து மாதத்தில் நான் யோசித்ததை வேறு எதற்காவது யோசித்திருந்தால் கலெக்டர் ஆகியிருக்கலாம்.

முதலில் மிளகாய்ப் புகை. அகலச் சட்டியில் தணல் எடுத்து, காய்ந்த மிளகாயைக் கை நிறையப் போட்டு, பரணுக்குக் கீழே வைத்தேன். புகை எழும்பியது. மேலே ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. நான்தான் இருமி, கண்ணைக் கசக்கி, வாசலுக்கு ஓடி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “யாருக்குக் கண்ணு பட்டுச்சு, இம்மாம் மொளகா போட்டுச் சுத்தறீங்க?” என்று கேட்டாள். திரும்பிப் பார்க்கிறேன், மரநாய் பட்டப்பகலில் மதில்மேல் உட்கார்ந்து வாலை நக்கிக்கொண்டிருக்கிறது! புகை அடங்கும் வரைக்கும் அங்கேயே இருந்தது. அடங்கியதும் எழுந்து, அவசரமே இல்லாமல் இறவாரத்துச் சந்தில் நுழைந்து உள்ளே போய்விட்டது. மாமியார் வந்து சட்டியைத் தூக்கிச் சாணக்குழியில் கொட்டினார். “உள்ள இருக்கறதுக்கு மூச்சு முட்டாதா? புத்தி இருக்குதா உனக்கு?” என்று அன்றைக்கு எனக்கு நல்ல பூசை.

அடுத்தது அந்துருண்டை. மாரண்டஹள்ளிச் சந்தைக்குப் போன வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கி வரச் செய்து, துணியில் முடிச்சுப் போட்டுக் கொம்பால் பரணில் தள்ளினேன். மரநாய் அதைக் கண்டு ஓடவில்லை. முடிச்சைக் கடித்துப் பிரித்து உருட்டி விளையாடியது. அதில் இரண்டு உருண்டை புளிப் பானைக்குள் விழுந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு ரசம் துணிப்பெட்டியைத் திறந்த மாதிரி மணந்தது. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பானைப் புளி முழுவதும் வீதிக்குப் போனது.

பிறகு மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பிரித்து, அது ஏறி வருகிற முருங்கை மரத்தைச் சுற்றிக் கட்டுவது என்று முடிவு செய்தோம். நகம் பிடிக்காமல் வழுக்கி விழும் என்று கணக்கு. அதற்கும் ஒரு பஞ்சாயத்து. முருங்கை மரத்தில் ஆணி அடிக்கலாமா கூடாதா? மரம் வெளியே இருக்கிறது என்றேன் நான். வூட்டு மரம் வூட்டுல சேர்ந்ததுதான் என்றார் மாமியார். கடைசியில் ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டினார் வீட்டுக்காரர். மரநாய் இரண்டு நாள் அந்தத் தகரத்தைப் பார்த்தது. மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டகை மேல் ஏறி, அங்கிருந்து எங்கள் ஓட்டுக்குத் தாவக் கற்றுக்கொண்டது. இரவில் அது தாவி விழும்போது ஒவ்வொரு முறையும் ஒரு ஓடு உடைந்தது. உடைந்த ஓட்டை மாற்றலாமா? கூடாது! உடைந்த இடத்தின் வழியாக வெயில் வந்தது, பனி வந்தது, பல்லி வந்தது.

வீட்டுக்காரர் தன் பங்குக்குச் சிநேகிதரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இரவல் வாங்கி வந்தார். மனுஷர் பேச்சுச் சத்தம் கேட்டால் மரநாய் தங்காது என்று யாரோ சொன்னார்களாம். பரணில் தொங்கவிட்டுச் சத்தமாக வைத்தோம். நெல்லுக்கு எப்போது உரம் போட வேண்டும், ஆட்டுக்கு என்ன நோய் வரும், எல்லாவற்றையும் அது படுத்துக்கொண்டே கேட்டது. மூன்றாம் நாள் காலையில் டிரான்சிஸ்டர் மூடியின் மேல் கழிந்து வைத்திருந்தது. சிநேகிதர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன அழகைச் சொல்ல முடியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார்.

ஒழுகுவதைத் தடுக்க மாமியார் ஒரு வழி செய்தார். பழைய வேட்டியை இரட்டையாக மடித்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி, பரண் சட்டத்தில் முடிச்சுப் போட்டு அடுப்பங்கரைக்கு மேல் விதானம் மாதிரி கட்டிவிட்டார். கட்டுவது தப்பில்லையாம், அடிப்பதுதான் தப்பாம். தை மாதம் முழுக்க அந்த வேட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வாங்க வாங்க நடுவில் தொந்தி போட்டது. கழுவிக் கட்டலாம் அத்தை என்று இரண்டு தடவை சொன்னேன், இன்னும் தாங்கும் என்றார். ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் களியைக் கிள்ளி அவரைக்காய்க் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டு போகும்போது அந்தத் தொந்தி கிழிந்தது. எங்கே விழுந்தது என்று நான் எழுதவும் வேண்டுமா?

அவர் எழுந்து, தலையைத் துடைத்துக்கொண்டு, “பரவால்ல விடு” என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “பரவால்லயா? என்னங்க பரவால்ல? இந்த வூட்ல மனுசங்க இருக்கறமா, மரநாய் இருக்குதா? ஒரு நாள் வேல! ஒரே ஒரு நாள் வேல! ஊருல எவ வூட்லயாச்சும் இந்தக் கூத்து நடக்குதா?”

மாமியார் கிழிந்த வேட்டியைச் சுருட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “போன தடவ ஒரு நாள் வேலதான் நடந்துச்சு.”

அவ்வளவுதான். மூன்று வருடமாகச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிக் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். முன்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அந்த நிமிடம் எனக்கு அந்த மரநாயை விட அந்தப் பொம்பளையின் மேல்தான் வெறுப்பு அதிகமாக இருந்தது. மறைத்து என்ன? வெறுத்தேன்.

அன்றிலிருந்து மாமியார் என் பாயைத் தூக்கி முன்னறையில் போட்டுவிட்டு, தான் சமையல் கட்டில், அந்த ஒழுகலுக்கு அடியில் படுக்க ஆரம்பித்தார். நான் அவர் தூங்குகிற நேரம் பார்த்துக் கொம்பை எடுத்து ஓட்டை நெம்பிவிடுவேன் என்று காவல் படுக்கிறார் என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் இருந்தது என் மனசு.

சித்திரை வந்தது. எனக்கு ஏழாம் மாதம். ஊரில் ஓடு மாற்றுகிற காலம். மழைக்கு முன்னால் வருடா வருடம் எல்லா வீட்டிலும் ஓட்டைத் திருப்பி வேய்வார்கள். அதே ஓடு மாற்றுகிறவர் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு நாள் மாமியார் காலையிலேயே ஏரியூர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். வர இருட்டிவிடும். வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணிக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். சொல்லிவிட்டு, வழக்கம் போலத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு வசதி பாருங்கள் அவருக்கு!

ஓடு மாற்றுகிறவர் தெருவில் போனவர் வாசலில் நின்றார். தோளில் ஏணி. எங்கள் ஓட்டை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

“என்னம்மா, இப்படி ஒடஞ்சு கெடக்குது? ஏணி கையிலயே இருக்குது. சந்த மட்டும் அடைச்சுத் தரட்டுமா? ஒரு நாழி.”

ஆறு மாதமாக நான் கேட்கக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். தடுக்க ஆள் இல்லை. நான் எட்டாவது படித்தவள். ஓடு வேறு, வயிறு வேறு என்று இவரிடமே சொன்னவள். மேலே அந்தச் சனியன் தூங்கிக்கொண்டிருந்தது, அதன் வால் நுனி உடைந்த ஓட்டின் வழியாகத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். வயிற்றில் பிள்ளை புரண்டது. தினமும் புரள்கிற புரளல்தான், புதிதாக ஒன்றுமில்லை.

“வேணாங்க” என்றேன். “நீங்க போயிட்டு வாங்க.”

அவர் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. நம்பவில்லை நம்பவில்லை என்று இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தது எல்லாம் பொய். நான்தான் அந்த முதல் பிள்ளையைக் கொன்றேன் என்று என் உள்ளே ஒன்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மாமியார் சொல்வதற்கு முன்பே நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குக் களி கிண்டவில்லை. பட்டினியாகப் படுத்துக்கொண்டேன்.

மிச்ச மாதங்களை மரநாயோடு சமாதானமாகக் கழித்தேன் என்று சொன்னால் பச்சைப் பொய். மாம்பழக் காலம் வந்தது. மாமியார் அப்போதும் மாங்காயைப் பரணில்தான் பழுக்க வைத்தார். வேறு எங்கே வைத்தாலும் பழுக்காதாம்! அது ஒரு பழத்தையாவது முழுசாகத் தின்றதா? ஒவ்வொன்றிலும் ஒரு கடி. எந்தப் பழம் இனிப்பு என்று ருசி பார்த்து, மிச்சத்தைக் கீழே தள்ளியது. நான் கொம்பால் பலகையை இடிப்பேன், வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவேன். மாமியார் என்னைத் திட்டுவார். இப்படியே ஆடி மாதம் வந்தது.

பாலக்கோடு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மாமியார் குழந்தையை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தார். கால் விரலையும் எண்ணினார். பிறகு அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அத்தனை பேருக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அழுகையாகத்தான் இருந்தது.

நாற்பது நாள் முடிந்தது. நான் ஞாபகப்படுத்தவே வேண்டியிருக்கவில்லை. மாமியாரே பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி, ஏணியை அவிழ்த்துக்கொண்டு வந்து சுவரில் சாத்தினார். ஓடு மாற்றுகிறவர் காலையிலேயே ஏறிவிட்டார். இரண்டு வரிசை ஓடு எடுத்ததும் மரநாய் தூக்கம் கலைந்து எழுந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குத் தாவி, வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அவ்வளவுதான்! பத்து மாதம் என்னைப் படுத்திய பாட்டுக்கு, போவதற்கு அதற்கு எண்ணிப் பத்து விநாடி ஆகவில்லை. இறவாரத்தில் கல்லும் மண்ணும் வைத்து இறுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசி, மத்தியானத்துக்குள் அவர் இறங்கிவிட்டார்.

அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். புளியமரத்து நிழலில் உட்கார்ந்து ஊதிக் குடித்தார். உள்ளே மாமியார் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், அது வீலென்று கத்துகிற சத்தம். அவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இப்பத்தாம்மா எனக்கு நெஞ்சுல இருந்து கல்லு எறங்குச்சு. உங்க மாமியா இந்த மூணு வருசமும் பட்ட பாடு எனக்குத் தெரியும்.”

“அவங்களுக்கு என்னங்க பாடு?” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “உனக்குத் தெரியாதா? போன தடவ ஓட்டப் பிரிக்கச் சொன்னது தான்தான்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. ஏரியூர் போறதுக்கு முன்னாலயே என்கிட்ட சொல்லிட்டுப் போனதாம், நீ வேணாம் வேணாம்னு அழுதியாம். மறு வாரமே என் வூட்டுக்கு வந்து, ‘யாரு கேட்டாலும் நாந்தான் கூப்புட்டேன்னு சொல்லு’ன்னு என் புள்ளைங்க மேல சத்தியம் வாங்கிக்கிச்சு. நீதான வந்து கூப்புட்ட, எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டேன்.”

“ஊரெல்லாமா?” என்றேன்.

“கெணத்தடியில பொம்பளைங்க சொல்லாத பேச்சா? பேரப்புள்ளையத் தின்னவன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாளுங்க. அதுக்கும் ‘ஆமா, நான் பண்ண பாவம்தான்’னு சொல்லிட்டு வந்துடும். உன் தலையக் கண்டா மட்டும் பேச்ச மாத்திக்குவாளுங்க. உன் வூட்டுக்காரருக்கு வேற பொண்ணு கட்டலாம்னு அவங்க பங்காளிங்க ரெண்டு தடவ வந்தாங்க. ‘எம் மருமக மேல என்னடா தப்பு, நான் பண்ணுனதுக்கு அவ பழி சொமக்கறதா’ன்னு அந்தம்மா வெரட்டி உட்டுருச்சு.”

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சமையல் கட்டுக்குப் பின்னால் கல்லில் மாமியார் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்திப் பயத்தமாவு தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கத்தியது. இவர் அதைவிடச் சத்தமாக அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

“அத்தை, ஓட்டப் பிரிக்கச் சொன்னது நான்தானே? நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

கை தேய்ப்பதை விடவில்லை. தலை நிமிரவில்லை.

“அவன் சொல்லிட்டானா? வாயில ஒண்ணு நிக்காது அவனுக்கு.”

“மூணு வருசம், அத்தை! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் உங்கள என்னென்னவோ நெனச்சேன். எப்படியெல்லாம் திட்டுனேன் தெரியுமா மனசுக்குள்ள?”

“மனசுக்குள்ள எங்க திட்டுன? வாய் உட்டுத்தான் திட்டுன, எனக்குக் கேக்காதா?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “பின்ன என்ன பண்ணச் சொல்ற? அம்மா இல்லாத புள்ள நீ. இங்கருந்து உன்னத் தள்ளிட்டா எங்க போவ? என்னப் பேசுனா நான் கேட்டுட்டுப் போறேன், எனக்கு என்ன கொறஞ்சு போவுது? சொன்னா நீ அதுக்கும் சேத்து உக்காந்து அழுவ. ஏற்கெனவே அழுதது பத்தாதா?”

எனக்குக் கோபம்தான் வந்தது, அந்த நேரத்திலும். இப்படி ஒரு பொம்பளை இருப்பாளா, மூன்று வருடம் என்னை வெறுக்க விட்டுவிட்டுப் பேசாமல் களி தின்றுகொண்டிருப்பாளா என்று கோபம். நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்குச் சத்தமாக அழத்தான் வரும்.

“அழுவறத அப்பறம் அழு” என்றார் மாமியார். “புள்ள கண்ணுல மாவு போவுது, அந்தத் துண்ட எடு.”

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.